விரிப்பு மடிக்கையில் ஐரிஷ்

12 ஜூன் 1996, புதன்
விடியவே மழை. பஸ் பிந்தி வந்தது. சலவைக்கூடத்தில் ஹோட்டல் விரிப்புகள் குவிந்து கிடந்தன. வழக்கம்போல நானும் நோராவும் ஒரே மேசை, ஆளுக்கு இரண்டு மூலை. மடிக்க மடிக்கக் கிட்ட வருவோம். கை முட்டும்போது ஒரு சொல். அவள் ஐரிஷில் சொல்வாள், நான் தமிழில். போன கோடையிலிருந்து இதுதான் ஏற்பாடு.

இன்றைக்கு: தண்ணீர் - இஷ்க. பால் - பான்ய. பாண், அதாவது ரொட்டி - அறான். பசிக்கிறது - தா ஒக்ரஸ் ஒரம். பசி என் மேல் இருக்கிறது என்று அர்த்தமாம். கனநாளாய் என் மேலும் இருக்கிறது என்றேன். சிரித்தாள். ஆனால் மதியம் அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள்.

வாங்க: பருப்பு, மகளுக்குச் சப்பாத்து.

14 ஜூன், வெள்ளி
நோரா சொல்லிவிட்டாள். தேநீர் இடைவேளையில், பிஸ்கட்டைத் தோய்த்தபடி. வயிற்றில் கட்டி. வெட்டியும் பிரயோசனம் இல்லையாம். அடுத்த சனிக்கிழமை விமானம். அயர்லாந்தில் தம்பி வீட்டுக்கு. ஒரேயடியாக.

பிறகு மேசையில் புதுச் சொல் தந்தாள். ஸ்லான் லத். நிற்பவர் போகிறவருக்குச் சொல்வது.

“நான் கப்பல் ஏறேக்க அம்மா சொன்னவ. பிறகு ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்ல. வாற வெள்ளிக்கிழமை வேலையில என்ர கடைசி நாள், நீர் சொல்லும்.”

நான் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்க்கவில்லை. “எங்கட ஆக்கள் போறன் எண்டு சொல்லமாட்டினம். போயிட்டு வாறன் எண்டுதான் சொல்லுவினம்.”

“நான் வரமாட்டனே.”

“வருவீர்.” வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அடுத்த விரிப்பை எடுத்தேன்.

17 ஜூன், திங்கள்
இரவு என் கணவரிடம் சொன்னேன். பேப்பரில் இருந்து தலையெடுக்காமலே, “சாகப்போற மனுசி கேட்டதைச் சொன்னா என்ன குறைஞ்சுபோவீர்?” என்றார்.

அவருக்கென்ன. ஊரில் அண்ணா கடைசியாக வீட்டால் வெளிக்கிட்டபோது, அடுப்படியில் நின்று “சரி, போ” என்றவள் நான். ஏதோ எரிச்சல். அண்ணா திரும்பி வரவில்லை. இது அவருக்குத் தெரியாது. ஒருவருக்கும் தெரியாது.

மகளின் பள்ளிக்கூடக் கடிதத்தில் கையெழுத்து வைக்க மறந்துபோனேன்.

19 ஜூன், புதன்
இந்த நாட்டில் ஜூன் என்றால் குளிர். கை விறைத்தது. நோரா ஒரு துண்டில் தம்பி வீட்டு விலாசம் எழுதி நீட்டினாள். வாங்கினால் அவள் வரமாட்டாள் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி. அவளுடைய கைப்பைக்குள்ளேயே திருப்பி வைத்தேன்.

“திரும்பி வந்து தாரும்.”

அவள் கைப்பையை மூடினாள். பின்னேரம் வரை வெறும் விரிப்புத்தான்.

21 ஜூன், வெள்ளி
கேக் வெட்டினார்கள். சூப்பர்வைசர் இரண்டு வார்த்தை பேசினார். மூன்று மணிக்கு நோரா கோட்டைப் போட்டுக்கொண்டு மேசையடிக்கு வந்து நின்றாள். காத்துக்கொண்டு நின்றாள். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

“போயிட்டு வாரும்” என்றேன், தமிழில்.

அவளுக்கு விளங்கும். நான் சொல்லிக்கொடுத்ததுதானே. தலையாட்டினாள். என் கன்னத்தில் ஒரு தட்டு. போய்விட்டாள்.

மிச்சக் கேக்கை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மகள் சாப்பிட்டாள். என்ன மனுசி நான்.

25 ஜூன், செவ்வாய்
வெயில். நேற்றிலிருந்து மேசைக்குப் புதிதாக ஒரு பெண். நல்ல கைவேகம்.

பஸ்ஸில் யோசித்தேன். வாயால் சொன்னால்தானே பயம், கடிதத்தில் எழுதலாமே. இதை ஏன் போன கிழமை யோசிக்கவில்லை. இடைவேளையில் ஆபீசில் போய் விலாசம் கேட்டேன். லின்ஃபீல்டில் அவள் இருந்த வாடகை வீட்டு விலாசம் மட்டும்தான் இருக்கிறதாம்.

வேலை முடிந்து அங்கேயும் போனேன். வேறு குடும்பம் வந்துவிட்டது. கதவைத் திறந்த பெண், “அவ ஒரு விவரமும் விட்டிட்டுப் போகேல்லையே” என்றாள்.

தம்பியின் பெயர்கூடக் கேட்டு வைக்கவில்லை நான்.

கடிதம் எழுதியாயிற்று. ஸ்லான் லத், மூன்று தரம். உறையில் நோரா என்று மட்டும்.