ஓவனில் காய்ந்த கடிதம்

ஜூன் 4

என் கோவக்காரிக்கு,

நான் நலம். நீயும் பாப்பாவும் சுகமா? உன் கடிதம் நேற்றுக் காலை வந்தது, மழையில் ஊறிச் சொட்டச் சொட்ட. இந்த பைப்லைன் கேம்ப்பில் போனை வாசலிலேயே பிடுங்கிவிடுகிறார்கள். உன் கடிதம்தானே எனக்குக் கதி! வெல்டிங் ராடுகளைச் சூட்டிலேயே வைத்திருக்கும் ஓவனுக்குள் செருகிக் காய வைத்தேன். உறை தடிமன், மூடி சரியாகச் சாத்தவில்லை. சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் மை எல்லாம் கரைந்து, கடைசியில் "உடனே பதில் போடுங்கள்" மட்டும் மிச்சம். மேலே என்னதான் எழுதினாய்?

நல்ல செய்தி. நேற்று நான் போட்ட ஜாயிண்டுகளை நேற்றே டெஸ்ட் எடுத்துப் பாஸ் பண்ணிவிட்டார்கள். விடுவிப்புக் கடிதம் கைக்கு வந்துவிட்டது. பதினைந்தாம் தேதி பஸ் ஏறுகிறேன்!

உன் வீட்டுக்காரன்

ஜூன் 9

என் வெல்டர் துரைக்கு,

மூன்று வருஷம் கழித்து ஒரு நல்ல வார்த்தை. மேலே எழுதியதை விடுங்கள், இனி அது தேவையில்லை. பாப்பா உங்கள் போட்டோவைக் காட்டி, "இந்த அங்கிள் எப்பம்மா வருவாரு?" என்கிறாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஒன்று கேட்கிறேன். மழை நாளில் நான் உப்பு ஜாடியைத் திறந்து வைத்தால் வீட்டையே இரண்டாக்குவீர்கள். துரை மட்டும் ஓவன் மூடியைத் திறந்து வைக்கலாமோ? வாருங்கள், பேசிக்கொள்கிறேன்.

கோவக்காரி

ஜூன் 14

கோவக்காரி,

உப்பு ஜாடி என்று படித்ததும்தான் எனக்கு உறைத்தது. உன் கடிதத்தைக் காய வைத்த அன்று பகல் முழுக்க ஓவன் திறந்திருந்தது, உள்ளே சாரல் அடித்திருக்கிறது. அந்த ராடுகளை வைத்துத்தான் ஒன்பது ஜாயிண்ட் போட்டேன். ராடில் ஏறிய ஈரம் உருகின இரும்புக்குள் ஹைட்ரஜனாகப் போய் மாட்டிக்கொள்ளும். வெளியே வர வழியில்லாமல் முட்டி முட்டி, ஒன்றிரண்டு நாளில் இரும்பைக் கீறிவிடும். அன்றைக்கே டெஸ்ட் எடுத்தால் ஒன்றும் தெரியாது. இரண்டு நாள் பொறுத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஃபோர்மேனிடம் சொன்னேன். "பாஸ் ஆனதைக் கிளறாதய்யா. வாயை மூடிக்கிட்டு வீட்டுக்குப் போய்ச் சேரு" என்றார். வேலிக்கு அந்தப் பக்கம் வீடுகள். கொடியில் குட்டிக் குட்டிச் சட்டைகள் காய்கின்றன. இந்தக் குழாயில்தான் கேஸ் ஓடப்போகிறது. என்னால் முடியவில்லையடி. டெஸ்ட் எடுப்பவரிடமே போய்ச் சொல்லிவிட்டேன். மறுபடி பார்த்ததில் நாலில் விரிசல், ஒவ்வொன்றும் விரல் நீளம்.

விடுவிப்புக் கடிதத்தை என் கண் முன்னாலேயே கிழித்தார்கள். ஒன்பதையும் அறுத்துப் புதிதாகப் போட வேண்டும். குழாயை ஒப்படைக்கும்வரை, எட்டு மாதம், நான் கேட்டைத் தாண்ட முடியாது. என் சர்டிஃபிகேட்டெல்லாம் அவர்கள் பெட்டியில். நன்றாகத் திட்டு. ஆனால் எழுது.

உன் வீட்டுக்காரன்

ஜூன் 20

துரைக்கு,

உங்கள் கடிதம் வந்து இரண்டு நாள் ஆகிறது. இரண்டு நாள் பொறுத்துத்தானே பார்க்க வேண்டும் என்றீர்கள்? பொறுத்துவிட்டு எழுதுகிறேன்.

கரைந்துபோன கடிதத்தில் இருந்தது இதுதான்: "இந்த மாதமும் வராவிட்டால் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன். பிறகு எங்களைத் தேட வேண்டாம்." சொன்னபடியே பெட்டி கட்டி வாசலில் வைத்தேன். இரண்டு நாளும் பாப்பா அதன் மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தாள். இன்று காலை அவளுடைய சட்டைகளைக் கொடியிலிருந்து எடுக்கும்போது உங்கள் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. நீங்கள் எழுதிய அந்தக் குட்டிச் சட்டைகள் நினைவுக்கு வர, அப்படியே நின்று அழுதேன். எடுத்ததை மறுபடி கொடியிலேயே போட்டேன்.

பெட்டியை அவிழ்த்தாயிற்று. அண்ணனுக்கும் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அங்கிள் எட்டு மாதத்தில் வருவார் என்று பாப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். ஒன்பதாவது மாதம் என்று எழுதினால் என்னிடமிருந்து பதில் வராது.

கோவக்காரி