பின்பக்கம் வெள்ளையாக

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மகளின் ஸ்தோத்திரம். மூட்டுவலி குறைந்ததா, அப்பா? நான் சுகம். காலையில் பனி நம் அச்சகத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. தாள்கட்டுகள் மேகத்தில் மிதப்பதுபோல் இருக்கின்றன.

முப்பது வருடம் நீங்கள் இருவரும் கொடுத்த அதே வேதத் துண்டுப்பிரதிகளை இப்போது நான் தையல் ஆலை விடுதியில் கொடுக்கிறேன். ஒரு பெண் கேட்டாள்: "பின்பக்கம் வெள்ளையா இருக்கற தாளா குடுங்கக்கா. முன்பக்கம் ஆண்டவர் பேசட்டும், பின்பக்கம் நான் எங்கம்மாகிட்ட பேசிக்கிறேன்."

பதினான்கு மணி நேரம் தைக்க வைப்பவர்கள் அந்தப் பெண்களைக் கடைக்குக்கூட விடுவதில்லை. வேதத்தாளை மட்டும்தான் காவலாளி உள்ளே விடுகிறான்; வீட்டுக்குக் கடிதம் எழுத அவர்களுக்கு அதுதான் தாள்.

நம் சபைக் கமிட்டியோ இனிப் பின்பக்கத்திலும் ஆராதனை நேரங்களை அச்சிட வேண்டும் என்கிறது. "அந்தப் பொண்ணுங்கள ஆராதனைக்கு யாரு சார் வெளிய விடுவா?" என்று கேட்டுவிட்டேன். என்னை வைத்துக்கொள்வதா என்று வெள்ளிக்கிழமை கூடிப் பேசுகிறார்கள். கவலைப்படாதீர்கள்.

அப்பா, அவர்களுக்கு ஒரு வரி எழுதுங்கள். உங்கள் பேச்சைத் தட்டமாட்டார்கள். அம்மா, உங்கள் பழைய போர்வை வேண்டும். துவைக்காமலே அனுப்புங்கள்.

விடுதிக்குப் போகும் வண்டி வந்துவிட்டது. பின்பக்கம் வெள்ளையாக இரண்டாயிரம் பிரதி அச்சில் ஓட்டி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் அத்தனையும் விடுதிக்குள் போய்விட வேண்டும்.

உங்கள் மகள்