உங்களுக்கும் வேர்க்கிறதா?

வேப்பந்தட்டை,
3.2.2025

அன்புள்ள சம்பூர்ணத்துக்கு,

உன் புருஷன் சாமிக்கண்ணு எழுதுவது. அப்படிச் சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இல்லைதான். போன் போட்டால் நீ எடுப்பதில்லை, அதனால் கடிதம். நீயும் நம் மகன் அருள்முருகனும் சுகமாக இருக்க வேண்டும்.

எனக்குப் புராஸ்டேட் கேன்சர். முதுகெலும்பு வரை பரவிவிட்டதாம். திருச்சியில் மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி போடுகிறார்கள். ஆண்களுக்குச் சுரக்கும் ஹார்மோனில்தான் இந்த நோய் வளருமாம்; ஊசி அதை வற்றவைத்துவிடும். முதுகுவலி குறைந்திருக்கிறது. ஆனால் திடீர் திடீரென்று உடம்பெல்லாம் அனலடித்துச் சட்டை நனைகிறது. மார்பு உப்பி வலிக்கிறது. டிவி பார்த்தால் அழுகை வருகிறது. பாக்யலட்சுமி வேறு அறையில் படுக்கிறாள். நான் இப்போது ஆம்பளையே இல்லை சம்பூர்ணம். உன்னிடம்தான் இதைச் சொல்ல முடிகிறது.

சாமிக்கண்ணு

கீழப்பழுவூர்,
17.2.2025

அருள்முருகன் அப்பாவுக்கு,

உங்களுக்கும் வேர்க்கிறதா? சந்தோஷம்.

அரியலூரில் எனக்குக் கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்தார்களே, அதன்பிறகு எனக்கும் இதே அனல்தான். விசிறியும் கையுமாக வாசலில் கிடப்பேன். சிமென்ட் ஆலைக்கு லோடு அடித்துவிட்டு வந்த நீங்கள், கூட வந்த டிரைவர்கள் முன்னால் சொன்னீர்கள்: "இவ பொம்பளையே இல்லடா. வெறுங்கூடு. வூட்டுல வச்சு என்ன பண்றது?" எல்லோரும் சிரித்தார்கள். நான் அவர்களுக்கு டீ கொடுத்தேன். அடுத்த மாதமே பாக்யலட்சுமியோடு போய்விட்டீர்கள்.

அந்த டிரைவர்களில் சிலர் இன்னமும் என் இட்லிக் கடைக்கு வருகிறார்கள். உங்கள் கடிதத்தை அவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அரியமுத்து அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

ஈரத்துண்டைப் பிடரியில் போட்டுக்கொண்டால் கொஞ்சம் அடங்கும். எனக்கு அதைச் சொல்ல ஆளில்லை.

சம்பூர்ணம்

வேப்பந்தட்டை,
9.3.2025

சம்பூர்ணம்,

அரியமுத்து போன் பண்ணிச் சொன்னான். இரண்டு நாள் வெளியே தலைகாட்டவில்லை. கோபப்பட எனக்கு வாயில்லை. நான் செய்ததைத்தானே நீயும் செய்தாய்.

பாக்யலட்சுமி தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். சித்திரையில் அடுத்த ஊசி. நான் போட்டுக்கொள்ளப் போவதில்லை. "நிறுத்துனா நோவு சுருக்கா ஏறிடும், பெரியவரே. பாத்துக்குங்க" என்கிறார் டாக்டர். ஏறட்டும். ஆம்பளையாகச் செத்துப்போகிறேன்.

அதற்குமுன் உன் வீட்டில் ஒரு மூலை கொடு. உன் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகிறேன்.

சாமிக்கண்ணு

கீழப்பழுவூர்,
20.3.2025

அருள்முருகன் அப்பாவுக்கு,

மூலை கிடையாது. மன்னிப்பும் கேட்க வேண்டாம். கேட்டுவிட்டால் உங்களுக்கு மனசு லேசாகிவிடும்.

நீங்கள் செத்தால் தலைமுழுகிவிட்டு அன்றைக்கே கடை திறப்பேன் என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அந்த ஆசை போய்விட்டது.

சித்திரையில் அருள்முருகன் கார் எடுத்துக்கொண்டு வருவான். திருச்சிக்குக் கூட்டிப்போய், ஊசி போடும்வரை பக்கத்திலேயே இருப்பான். "எதுக்கும்மா நமக்கு இந்த வேலை?" என்றுதான் கேட்டான். அனுப்புவது நான். பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். ஊசியை நிறுத்தினால் நீங்கள் சீக்கிரம் தப்பித்துவிடுவீர்கள். நான் அந்த உடம்போடுதான் எழுந்தேன், மாவாட்டினேன், நாலு பேர் சிரிக்கச் சிரிக்க இட்லி வைத்தேன், பிள்ளையை வளர்த்தேன். எனக்கு யாரும் சாக வழி சொல்லவில்லை.

அதனால் ஒன்று விடாமல் போட்டுக்கொள்ளுங்கள். மாத்திரையும் வேளைக்குச் சாப்பிடுங்கள். நல்லபடியாக, ரொம்ப நாள் இருங்கள்.

இனி எழுத வேண்டாம்.

சம்பூர்ணம்