கருவாடு காயாத வெயில்

என் மச்சானுக்கு,

இரண்டு வாரமாக வீடியோவில் முகம் காட்டவில்லை என்று உங்களுக்குக் கோபம். போனில் சொன்னால் குறுக்கே பேசுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

கட்டுமாவடிக் கரையில் இப்போது கருவாட்டைக் காலையிலேயே புரட்டிப் போட்டுவிட்டு, உச்சிவேளையில் எல்லோரும் நிழலுக்கு வந்துவிடுகிறோம். சித்திரையில் மட்டுமல்ல, இந்த ஐப்பசியிலும்தான். மப்பும் மந்தாரமுமான நாளில் கருவாடு காயாது. அதனால் வெயிலே இல்லை என்று இத்தனை வருடம் முக்காட்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு வேலை பார்த்தோமே, அது பெரிய தப்பு. புற ஊதாக் கதிர் மேகத்தைத் தாண்டியும் இறங்குகிறது. நேற்று வானம் மூடிக் கிடந்தது, போனில் பார்த்தால் அந்தக் கதிரின் அளவு எட்டு! மூன்றைத் தொட்டாலே முகத்தை மூடிக்கொள்ள வேண்டுமாம்.

"கருவாடே காயல, நம்மள என்னடி செய்யும்?" என்று காத்தாயி அக்கா சிரித்தது. முகத்தைக் கிட்டத்தில் காட்டினேன். இன்று தன் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டையோடு வந்துவிட்டது.

நீங்களும் மஸ்கட்டில் தொப்பி இல்லாமல் மொட்டை மாடி வேலைக்கு ஏறக்கூடாது. சொல்லிவிட்டேன்.

மூக்கின் வலப்பக்கம் ஆறாமல் இருந்த புண், வெயிலால் வந்த புற்றாம்; தஞ்சாவூர் டாக்டர் வேரோடு எடுத்துவிட்டார். தையலும் பிரித்தாயிற்று. நீங்கள் வாங்கித் தந்த மூக்குத்தியை இடப்பக்கம் மாற்றிக் குத்திக்கொண்டேன். இதைப் படித்ததும் வீடியோவில் கூப்பிடுங்கள். வித்தியாசமாகத் தெரிந்தால், என்னைக் கண்ணாடியில் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மூக்குத்திக்காரி