ஏழாம் வளைவிலிருந்து கேட்கிறது

என் அண்ணனுக்கு, ஜீப் சத்தம் கேட்டால் இன்னும் கேட்டைத் திறக்க எழுந்துவிடுகிற தம்பி எழுதுவது.

நலமா என்று கேட்கத்தான் வாய் வருகிறது. பதிலுக்கு எங்கே போவேன்? அதனால் சேதியைச் சொல்லிவிடுகிறேன். உன் ஜீப்பை இப்போது மைனிதான் ஓட்டுகிறாள். ஆமாம், உன் பெண்டாட்டி ஸ்டெல்லாவேதான். காலையில் ரப்பர் பால் வெட்டுகிறவர்களை மலைக்கு ஏற்றிப் போவதும் மதியம் இறக்கி வருவதும் அவள்தான். கியர் விழாவிட்டால் உன்னைப் போலவே வண்டியைத் திட்டுகிறாள்.

மலைப்பாதையில் அந்த ஏழாம் வளைவுதான் எங்களை வாட்டியது. நீ போன அன்று அங்கேதான் நெஞ்சுவலியோடு வண்டியை ஓரம் கட்டிவிட்டு, நீ என்னை எட்டு முறை கூப்பிட்டிருக்கிறாய். உன் போனில் எட்டும் இருந்தன. சிக்னல் இல்லாத இடம், எனக்கு ஒன்றுகூட வரவில்லை. நான் குலசேகரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன் அண்ணே. அதை எப்படி மறப்பேன்?

மைனி ஒரே பிடியாக நின்றாள். "உன் வண்டி, இந்த வண்டி ரெண்டுலயும் வாக்கி டாக்கி மாட்டாம நான் மேல ஏறமாட்டேன்."

நாகர்கோவிலில் ஒரு கடைக்குப் போனோம். நான் எதிலும் பெரிசு கேட்கிறவன் அல்லவா? "உள்ளதுல கூடுன வாட்டு எது?" என்றேன். கடைக்காரர் சிரித்தார். "வாட்டைக் கூட்டினா மலை வழி விட்டுருமா சார்? ஏரியல் உயரத்துல நிக்கணும், அடியில இரும்புத் தகடு வேணும். கையில பிடிக்கிறது வேண்டாம், வண்டியில மாட்டுற யு.எச்.எஃப் செட்டு எடுங்க. அதுக்கு முன்ன உரிமத்துக்கு எழுதிப் போடுங்க." தாள் வந்த பிறகுதான் செட்டு வாங்கினோம்.

என் வண்டிக்கு இரும்புக் கூரை. உன்னுடையதற்குத் தார்ப்பாய். நான் ஒரு அவசரக்குடுக்கை, கடைக்காரர் சொன்னதை மறந்து தார்ப்பாய்க் கம்பியிலேயே ஏரியலைக் கட்டிவிட்டேன். ஏழாம் வளைவில் நின்று கூப்பிட்டுப் பார்த்தால் வெறும் கரகரப்பு. நான் திரும்பி வந்ததும் மைனி வீட்டுக்குள் போய், நீ போன பிறகு கழற்றிக் கட்டிலுக்கடியில் வைத்திருந்த பலகையை எடுத்து வந்தாள். 'பைய வாறேன்' என்று உன் கையால் எழுதி ஜீப்பின் நெற்றியில் மாட்டியிருந்தாயே, அந்த இரும்புப் பலகை. அதன் நடுவில் ஏரியலுக்குத் துளை போட எனக்கு மனம் வரவில்லை.

"போடு மக்கா. கூரைமேல படுக்கப் போட்டு மாட்டு. எழுத்து மேல பாத்து இருக்கட்டு, அவரு அங்கேருந்து வாசிக்கட்டு" என்றாள். இரண்டு பேரும் நன்றாக அழுதோம்.

அதன் பிறகு செட்டு தெளிவாகக் கேட்டது; பேசப் பழகியதுதான் பெரிய கூத்து. நம் ஊர்க்காரர்களுக்கு நாலு விசாரிப்பு இல்லாமல் விஷயத்துக்கு வரத் தெரியுமா? மைனி பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டே, "எங்க நிக்க? சோறு தின்னியா? என்ன கறி?" என்று போய்க்கொண்டே இருப்பாள். விரலை எடுத்தால்தானே நான் சொல்வது கேட்கும்! "ஏம்டே, வாயில கொழுக்கட்டையா?" என்று எனக்குத் திட்டு வேறு.

போன வாரம் நல்ல மழை. மலைமேல் குடியிருக்கிற தங்கத்துக்கு நாளாகும் முன்பே பிரசவ வலி. அவளை ஏற்றிக்கொண்டு இறங்கினால், ஏழாம் வளைவில் மரம் குறுக்கே விழுந்து கிடக்கிறது. அதே இடம் அண்ணே. தங்கம் என் சட்டையை விடவில்லை. "விட்டுட்டுப் போயிராதீங்க அண்ணே" என்றாள். பட்டனை அமுக்கினேன். "மைனி, ஏழாம் வளைவு. மரம் விழுந்து கெடக்கு. தங்கத்துக்குப் பிரசவ வலி. கீழேருந்து வாங்க." விரலை எடுத்தேன்.

சத்தமே இல்லை. நீயும் இப்படித்தான் காதை வைத்துக்கொண்டு காத்திருந்தாயா?

"கேட்டுது மக்கா. வாறேன். பேடிக்காண்டாம்."

பயப்படாதே என்றாள், அவ்வளவுதான். சோறும் கேட்கவில்லை, கறியும் கேட்கவில்லை. மரத்துக்கு அந்தப் பக்கம் உன் ஜீப் வந்து நின்றது. தங்கத்தைத் தூக்கி மரத்துக்கு மேலாக மாற்றி ஏற்றினோம். குழித்துறை ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம்.

இனி தினமும் ஏழாம் வளைவில் நிறுத்தி மைனியைக் கூப்பிடுவேன். செட்டு வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். அந்த இடத்திலிருந்து யார் கூப்பிட்டாலும் இனி பதில் வரும் அண்ணே. இது சத்தியம்.

உன் எட்டு அழைப்புக்கும் இப்போதுதான் பதில் சொல்கிற,
உன் தம்பி குட்டன்