மூணு பட்டன்

ஜூன் 3, செவ்வாய்

குக்கர் கேஸ்கெட் போய்விட்டது. வாங்க வேண்டும்.

பார்சர் வேகமாகிவிட்டது. வாக்கியத்தைக் கொடுத்தால் எந்தச் சொல் எதோடு சேரும் என்று பார்த்துச் சொல்கிற நிரல் அது. கூடிவந்த துண்டுகளை அட்டவணையில் கட்டம் கட்டமாக வைத்திருக்கும். பொருந்துகிற துண்டு வந்ததும் சேர்த்துப் பெரிதாக்கும். எதோடும் சேராத துண்டை உடனே தூக்கிப் போடும்படி மாற்றினேன். பாதி நேரம் மிச்சம். டீம் லீடர் அக்கா, "நீளமான வாக்கியத்துல ஓட்டிப் பாத்தியா?" என்றார். பார்க்கவில்லை.

அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து பத்தொன்பது நாள். ஆஸ்பத்திரியிலிருந்து என் வீட்டுக்கு வந்து ஐந்து நாள். வாய் ஓயாத லிஃப்ட் மெக்கானிக். இப்போது ஒரு நாளைக்கு ஒரு சொல் தேறினால் பெரிசு. நாம் பேசுவது புரிகிறது, அவனுக்குச் சொல்லத்தான் வரவில்லை. வலது கை விழுந்துவிட்டதால் எழுதவும் முடியாது.

இன்றைய சொல்: "நீலம்." நீலச் சட்டையை எடுத்துக் கொடுத்தேன். தள்ளிவிட்டான்.

ஜூன் 5, வியாழன்

"மூணு." கொஞ்ச நேரம் கழித்து, "கூப்பிடு."

"யாரை? டாக்டரையா? அத்தையையா? மூணு மணிக்கா?" கேட்டுக்கொண்டே போனேன். கண்ணை மூடிக்கொண்டான்.

ஜூன் 6, வெள்ளி

"அறுந்து..." என்றான். பளிச்சென்று பிடிபட்டது! நீலச் சட்டையில் மூன்று பட்டன் அறுந்திருக்கிறது!

அவன் பக்கத்திலேயே ஊசி நூலோடு உட்கார்ந்தேன். பார்த்தால் இரண்டுதான் போயிருந்தது. மூன்றாவது லேசாக ஆடுகிற மாதிரி இருந்தது — எண்ணிக்கை சரியாக வரட்டும் என்று அதையும் பிய்த்துவிட்டுத் தைத்தேன். "கூப்பிடு" மட்டும் எதிலும் சேரவில்லை. விட்டுவிட்டேன்.

"இதானே அண்ணா? கண்டுபிடிச்சுட்டேன் பாத்தியா!"

என்னையே பார்த்தான். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஜூன் 9, திங்கள்

மூன்று நாளாக ஒரு சொல் இல்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிறவர் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டுச் சொன்னார்: "அவரால முடியும்மா. ஆனா முயற்சி பண்றதையே விட்டுட்டார். இப்ப விட்டா அப்புறம் ரொம்பக் கஷ்டம். அவர் வாயைத் திறந்தா நீங்க பேசிடுறீங்க. கொஞ்சம் காத்திருங்களேன்."

கோபம் வந்தது. குளிக்க வைத்து, மருந்து கொடுத்து, ராத்திரி பகல் பார்க்காமல் — யாருக்காக? அப்புறம் அழுகை வந்தது. சின்ன வயசில் அண்ணன் எனக்கு வைத்த பேர் அவசரக்குடுக்கை. அவன் பேசாமலே போயிட்டா அப்படி என்னை யாரு கூப்பிடுவா? ஐயோ, நானே அவன் வாயை அடைச்சுட்டேனா?

ஜூன் 10, செவ்வாய்

நீளமான வாக்கியங்கள் நாற்பதில் பதினொன்று கவிழ்ந்தன. டீம் லீடர் அக்கா திரையைக் காட்டினார். "வேணுங்கற துண்டு முன்னாடியே வந்திருக்கு, நீதான் தூக்கிப் போட்டிருக்க. இன்னும் சேரலைன்னா தப்பான துண்டுன்னு அர்த்தமா? அது பாட்டுக்குக் கட்டத்துல கெடக்கட்டுமே."

எனக்குக் "கூப்பிடு" ஞாபகம் வந்தது. அதற்குமேல் வேலை ஓடவில்லை. மதியமே கிளம்பிவிட்டேன்.

ஒரு தாளில் கட்டம் போட்டேன். நீலம். மூணு. கூப்பிடு. அறுந்து. கட்டிலுக்கு எதிரே சுவரில் ஒட்டினேன்.

"அண்ணா, சட்டையை மறந்துடு. நீ சொன்னது எல்லாம் இங்க இருக்கு. மிச்சத்தை நீயே சொல்லு. நான் வாயைத் திறக்க மாட்டேன்."

டீ ஆறிப்போயிற்று. நாலு ஊகம் நாக்கு நுனி வரை வந்தது, நாலையும் விழுங்கினேன். அவன் தாளையே பார்த்தான். உதடு அசைந்தது, நின்றது. இடது கையை மேலும் கீழும் ஆட்டினான்.

"லி... லிஃப்ட்டு." வெகுநேரம் கழித்து, "கம்பி."

நீலக் கண்ணாடிக் கட்டடம்! அவன் கடைசியாக வேலை பார்த்த இடம். அங்கே போய் வந்த அன்று சாயந்திரம்தான் பக்கவாதத்தில் விழுந்தான். லிஃப்டைத் தாங்குகிற கம்பிக்கயிற்றில் மூன்று இழை அறுந்திருப்பதைப் பார்த்துவிட்டு, கூட வேலை செய்கிறவரைக் கூப்பிடச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறான். ஒரு வாரமாக! தாளில் விரல் வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். அவன் கன்னமெல்லாம் ஈரம். எனக்கும்தான்.

உடனே கூப்பிட்டேன்.

ஜூன் 11, புதன்

அவனோடு வேலை செய்கிறவர் போனில்: "உள்பக்கமா மூணு இழை அறுந்திருக்கும்மா. போன வாரம் நானே பாத்துட்டு, நல்லாருக்குன்னு எழுதிட்டு வந்தேன். லிஃப்டை நிறுத்தியாச்சு, கயித்தை மாத்துறோம். உங்கண்ணன் கண்ணு கழுகுக் கண்ணு."

திரும்பச் சொல்லச் சொல்லி, போனை அண்ணன் காதில் வைத்தேன். ஒரு பக்கமாகச் சிரித்தான்.

ஜூன் 13, வெள்ளி

நிரலில் துண்டைத் தூக்கிப் போடுகிற வரிகளை எடுத்துவிட்டேன். மெதுவாக ஓடுகிறது. ஓடட்டும்.

ஜூன் 28, சனி

தாளில் இருபத்தாறு கட்டம் ஆகிவிட்டது. கேஸ்கெட் இன்னும் வாங்கவில்லை.

இன்று நீலச் சட்டையைத் தானே கேட்டுப் போட்டுக்கொண்டான். பட்டன்களை இடது கையால் தடவிப் பார்த்தான். ஏதோ சொல்ல வந்தான். நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். வாசலில் ஒரு பஸ் வந்து, ஆள் ஏற்றிக்கொண்டு போனது. அடுத்த பஸ்ஸும் வந்தது.

"ஒரு... பட்டன்... நல்லாத்தான்... இருந்துச்சு." மூச்சு வாங்கினான். "அவசரக்குடுக்கை."

இதைத் தாளில் எந்தக் கட்டத்தில் போட? முழுசாக வந்துவிட்டதே. இங்கே எழுதிவிட்டேன்.