தகரக் கூரை இரண்டானது

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது, மனசைப் பற்றிச் சொல்லத்தான் காகிதத்தை எடுத்தேன். உனக்கு அந்த இருமல் விட்டதா, ஆய்வகத்தில் குளிர்சாதனத்துக்கு நேராக உட்காராதே என்று சொன்னேனே, இடத்தை மாற்றிக்கொண்டாயா? இதையெல்லாம் போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் நான் உன்னோடு பேச ஆரம்பித்தால் உன் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் நிற்பாள், நான் ஒன்று சொன்னால் அவள் மூன்று சொல்வாள், கடைசியில் உன் காதுக்கு வந்தது முழுக்க அவள் பேச்சாகத்தான் இருக்கும். உங்கள் கிடார்க்கார நெட்டை உன்னைக் கூப்பிட்டுப் பேசியது எனக்குத் தெரியும். அம்மாவும் பேசியிருப்பாள். இரண்டு பேரும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள், ஆனால் பாதியைத்தான் சொல்லியிருப்பார்கள். மீதிப் பாதியைக் கேட்டுவிட்டு நீ முடிவு செய்.

நீ போன பிறகு உங்கள் இசைக்குழு எப்படி மாறிப்போனது என்பதை நீ பக்கத்தில் இருந்து பார்க்கவில்லை. டயர் கடை மாடியில் நீ பாட, நெட்டை கிடார் வாசிக்க, உன் தம்பி டிரம்ஸைப் போட்டு உடைக்க, மேலே கூரையும் சேர்ந்து அதிரும், அதனால்தானே தகரக் கூரை என்று நீ பெயரே வைத்தாய். நீ வேலை கிடைத்துப் போனதும் நெட்டை வேறு பாடகி தேடினான். நாலைந்து பேர் வந்து பாடிப் பார்த்தார்கள், தம்பி ஒருத்திக்கும் தலையாட்டவில்லை. அப்புறம் ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை செய்யும் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தான். பெரிய மூக்குக் கண்ணாடி, அதனால் எங்கள் வீட்டில் அவளுக்குக் கண்ணாடி என்றே பெயராகிவிட்டது. அவள் முதுகைத் திறந்த பழைய ரேடியோக்களை மேஜையில் பரப்பி, ஒயரை இங்கே தொட்டு அங்கே தொட்டு, ரீங்காரமும் விசிலும் யாரோ தலைகீழாகப் பேசுகிற மாதிரி ஒரு சத்தமும் வர வைப்பாள். தம்பி என்னுடைய பழைய டிப்போவுக்குப் போய், தேய்ந்துபோன பேருந்து பிரேக் டிரம் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து அதையும் அடிக்க ஆரம்பித்தான். வார்த்தை கிடையாது. ஒரு உருப்படியை ஆரம்பித்தால் ஊற்றி வைத்த டீ ஆறி ஆடை கட்டிவிடும். டயர் கடைக்காரர் மேலே ஏறி வந்து, ஏதாவது மெஷின் பழுதா, ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டார். அவர் கிண்டலுக்குக் கேட்கவில்லை, மெய்யாகவே கேட்டார்.

முதலில் கூட்டம் ஓடியது. நான் ஓய்வு பெற்ற கையோடு அவர்கள் வேனுக்கு டிரைவராகிவிட்டேன் இல்லையா, அதனால் ஓடியவர்களை எல்லாம் வாசலில் நின்று வழியனுப்பியவன் நான்தான். ஆனால் ஓடாதவர்கள் மறுபடி வந்தார்கள். அடுத்த ஊரிலும் அதே முகங்களைப் பார்த்தேன், கூட இரண்டு பேரை இழுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். எந்தக் கம்பெனி வாசலிலும் போய் நிற்காமல் அந்த மாடியிலேயே பதிவு செய்து, சிடி அட்டையை உன் அம்மா ஒட்ட, கேட்டவர்களுக்குத் தபாலில் அனுப்பினார்கள். கேட்டு எழுதியவர்களின் ஊர்ப் பெயர்களில் பாதியை எனக்குச் சரியாக உச்சரிக்கக்கூட வராது. அந்தச் சத்தம் எனக்கு முழுசாகப் புரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் இறக்கத்தில் கனத்த வண்டியோடு வரும்போது காலுக்கு அடியில் ஒரு அதிர்வு வரும் பார், அது டிரைவருக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன், உன் தம்பி அதை ஊருக்கே கேட்க வைத்துவிட்டான். நெட்டைக்குத்தான் அது சுகப்படவில்லை. எங்கே போனாலும் யாராவது ஒருவர் எழுந்து, ஜன்னல் பாட்டு பாடுங்கள் என்று கேட்பார்கள், நீ எழுதிய பாட்டைத்தான். ஒவ்வொரு தடவையும் அவன் முகம் தொங்கிப் போகும். அவன் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. அவன் நல்ல கைக்காரன், அவனைப் போய் ஒரே சுரத்தை இழுத்துக்கொண்டு நில் என்றால் எத்தனை நாள் நிற்பான்?

போன ஞாயிற்றுக்கிழமை பெரிய அரங்கில் மதிய நிகழ்ச்சி. இதுவரை அவர்கள் ஏறிய மேடைகளிலேயே பெரியது, உன் அம்மாவும் கிளம்பி வந்தாள். வேனை நிறுத்திவிட்டு இறங்கினால் வாசலில் ஆளுயரப் போஸ்டர், அதில் ஜன்னல் பாட்டு உண்டு என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அரங்கக்காரர் கேட்டாராம், நெட்டை யாரிடமும் சொல்லாமல் சரி என்றுவிட்டானாம். மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் கண்ணாடி சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள், நான் கதவைச் சாத்தி அதில் சாய்ந்துகொண்டேன். தம்பி சத்தம் போடவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "அக்கா வாயால சொல்லாம அவ பாட்டை நான் தொடமாட்டேன்" என்றான். நெட்டை கிடாரைச் சுருதி சேர்த்துக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அவ போயிட்டா. பாட்டு போகலையே" என்றான். அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

மேடையில் மூன்றாவது உருப்படிக்கு முன்னாலேயே கூட்டம் அந்தப் பாட்டு வேண்டும் என்று கேட்க ஆரம்பித்துவிட்டது. நெட்டை தம்பியைத் திரும்பிப் பார்த்தான், பார்த்துவிட்டு ஜன்னல் பாட்டின் முதல் வரியை எடுத்தான். தம்பி குச்சிகளைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பாட்டு முடியும்வரை அப்படியே, அத்தனை வெளிச்சத்தில், எல்லோரும் பார்க்க. நெட்டை தனியாகப் பாடினான், நன்றாகவும் பாடினான், இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அரங்கமே எழுந்து நின்றது. உன் அம்மா அழுதுவிட்டாள், நீயே வந்து பாடின மாதிரி இருந்ததாம். நான் வண்டிச் சாவியை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கைதட்டல் அடங்கியதும் தம்பி குனிந்து குச்சிகளை எடுத்து அடுத்த உருப்படியைத் தொடங்கினான். நெட்டை கிடார் ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டான். தம்பியும் கண்ணாடியும் மட்டும் மீதியை வாசித்தார்கள். பாதி அரங்கம் காலியாயிற்று, ஒருவன் காலித் தண்ணீர் பாட்டிலைக்கூட வீசினான், அது கண்ணாடியின் மேஜையில் விழுந்து உருண்டது, அவள் ரேடியோவிலிருந்து கையை எடுக்கவில்லை. முடிவில் மீந்திருந்தவர்கள் எழுந்து மேடை ஓரத்துக்கே வந்துவிட்டார்கள்.

திரும்பி வர வேறு வழியில்லாமல் நெட்டை நம் வேனிலேதான் ஏறினான். இத்தனை வருஷம் பேருந்து ஓட்டியிருக்கிறேன், அப்படிப்பட்ட மௌனத்தை ஏற்றிக்கொண்டு ஓட்டியதில்லை. அவன் தெரு வருவதற்கு முன்னாலேயே ஒரு சிக்னலில் கதவைத் திறந்து இறங்கி நடந்துவிட்டான். மறுநாள் தன் ஆம்பிளிஃபயரை எடுத்துக்கொண்டு போக வந்தான். உன் அம்மா டீ கொடுத்து உட்கார வைத்தாள், நம் வீட்டுத் தட்டில் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைதானே. அதே பெயரில், பழைய பாட்டுகளோடு, உன்னை வைத்துக் குழு நடத்தப் போவதாகச் சொன்னான். நீ வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லையாம். நான் வண்டி ஓட்ட வருவேனா என்று கேட்டான். வண்டி ஒன்றுதானடா இருக்கிறது, ரெண்டு பக்கம் ஓடாது என்றேன். அவன் கண் கலங்கியதைப் பார்த்தேன், ஆம்பிளிஃபயரை நானே தூக்கிக்கொண்டுபோய் வாசலில் வைத்துக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து உன் அம்மா உன் அறையைத் துடைத்துத் துடைத்து வைக்கிறாள். திரைச்சீலையை மாற்றிவிட்டாள், மெத்தையை வெயிலில் போட்டு எடுத்தாள். அவளுக்கு நெட்டையும் வேண்டாம் தம்பியும் வேண்டாம், எந்தச் சாக்கிலாவது நீ வீடு வந்து சேர வேண்டும். அவளும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, சாப்பிட வரச் சொல்லுங்கள், பசியில்லை என்று சொல்லுங்கள் என்று நான் நடுவில் மத்தளமாக இரண்டு பக்கமும் அடி வாங்குகிறேன். நெட்டை உன்னிடம் பேசியதைத் தம்பிக்குச் சொல்லாமல் முள்ளை விழுங்கியவன் மாதிரி இருந்தேன். முந்தாநாள் சாப்பிடும்போது அம்மா போட்டு உடைத்துவிட்டாள். அக்கா வரப்போறா, நெட்டை கூப்பிட்டிருக்கான், உன் வீம்பை நீயே வச்சுக்கோ என்றாள். அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டான். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து என்னிடம் மட்டும் சொன்னான்: "பேரை அக்காவே எடுத்துக்கட்டும்ப்பா. அவ வச்ச பேருதானே. ஆனா ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டிருக்கலாம்."

நேற்றுக் காலை வேன் பக்கவாட்டில் இருந்த தகரக் கூரை என்ற எழுத்தின் மேல் அவனே வெள்ளை பெயிண்ட் அடித்தான். பெயிண்ட் டப்பாவைக் கண்ணாடி பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு பேரும் இனிமேல் பெயர் இல்லாமல் வாசிக்கப் போகிறார்களாம், பெயர் தானாக வரும்போது வரட்டுமாம். கோபத்தில் அடித்திருந்தால் நான் தடுத்திருப்பேன். ஓரம் பிசகாமல், சொட்டு விழாமல், அவ்வளவு பொறுமையாக அடித்தான், அதைப் பார்க்க முடியாமல் உள்ளே வந்து இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன்.

அம்மாடி, நீ வர வேண்டும் என்று உன் தாயைவிட எனக்கு ஆசை அதிகம், நான் வாயைத் திறந்து சொல்வதில்லை, அவ்வளவுதான். நெட்டையோடு பாட வருவதும் வராததும் உன் இஷ்டம், அது உன் குரல், உன் பாட்டு. வந்தால் தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் தம்பி முதுகுக்குப் பின்னால் வராதே. நெட்டைக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் அவனை நீயே கூப்பிட்டுப் பேசு, நான் எழுதினேன் என்று சொல்ல வேண்டாம். அவன் முதலில் எடுக்க மாட்டான், மறுபடி கூப்பிடு. நேரத்துக்குச் சாப்பிடு, பல் வலியை மாத்திரை போட்டே தள்ளிக்கொண்டு போகாதே, டாக்டரிடம் காட்டு. நீ எடுக்கிற முடிவு எதுவானாலும் உனக்கு நல்லதாகவே முடியட்டும், என் ஆசி எப்போதும் உண்டு.

உன் வருகைக்கு ஏங்குகிற, அதற்காக உன்னிடம் எதையும் மறைக்க மனம் வராத,
அப்பா